குடும்பப் பெயர்

விண்ணப்பத்தின் முதற் பெட்டி
குடும்பப் பெயர் கேட்கிறது.
எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை,
அப்பாவின் பெயரைத்தான் போடவேண்டும்.
மார்க்கண்டு.

பிறப்புச் சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்து கூட.
கடவுச்சீட்டில் அது இல்லை.
பரந்தன் சந்தியில் ஒரு சமாதான நீதவான்
இரண்டும் ஒரே ஆள்தான் என்று
சத்தியக் கடதாசி முடித்துத் தந்தார்.
"அப்பா வந்து ஒரு கையெழுத்து வைச்சால்
இன்னும் நல்லம், பிள்ளை."
பிறகு என் முகத்தைப் பார்த்தார்.
குத்திய முத்திரையின் மேலேயே
இன்னொருமுறை குத்தினார்.

ஆறு பல்கலைக்கழகங்கள்.
ஒன்றுக்கு எழுபத்தைந்து டொலர்.
அண்ணன் கிரவல் டிப்பர் ஓடுகிறான்.
எத்தனை லோட் என்று கணக்குப் பார்க்காதே என்றான்.
பார்த்தேன். பதினைந்து.
செங்கபில மண் பொசுபரசை எப்படிப்
பூட்டி வைக்கிறது என்று நான் எழுதுகிறேன்.
அந்த மண்ணுக்குக் கீழே கிடப்பதை
அவன் அள்ளி விற்று எனக்குக் கட்டுகிறான்.
வங்கி அட்டை சுகிர்தாவுடையது.
ஒவ்வொரு முறையும் அவளுடைய ஃபோனுக்கு வரும் ஆறு இலக்கத்தை
தர்மபுரத்திலிருந்து கூப்பிட்டுச் சொல்லுவாள்,
லொத்தர் விழுந்தது போல.

நோக்க அறிக்கை: எண்ணூறு சொல், கூடாது.
முந்தியே போன துளசிகன் சொன்னான்,
"கூடாரத்தை எழுது.
கூடாரம் இல்லாட்டி உன்னை ஆர் வாசிக்கப் போறான்?"
எழுதினேன்.
தறப்பாள், தண்ணீர் வரிசை, முள்ளுக்கம்பி,
கம்பிக்கு அங்கால் நின்ற வீரை மரம்.
சொல் மிஞ்சிவிட்டது.
பொசுபரசை வெட்டினால்தான் கூடாரத்துக்கு இடம்.
விடியும்வரை இருந்து
கூடாரத்தை வெட்டினேன்.
கம்பி போனது, வரிசை போனது,
வீரை மரத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து
அதையும் எடுத்தேன்.
கடைசியில் ஒரு வசனம்:
'எனது பள்ளிப் படிப்பில் ஓராண்டு இல்லை.'

நேர்முகம் அங்கே பிற்பகல் நான்கு மணிக்கு.
இங்கே இரவு இரண்டரை.
சிக்னல் கிணற்றடியில் மட்டும்தான்.
மின்சாரம் வேறு நின்றுவிட்டது.
வாழைக்குப் பின்னால் எதுவோ சருகை மிதித்தது,
பன்றியாக இருக்கும்.
துவைகல்லில் மடிக்கணினி.
கமராவுக்குப் படாமல் நின்று
அம்மா என் முகத்துக்கு டோச் பிடித்தாள்.

திரையில் மூன்று பேர்.
நடுவில் இருந்தவர் சிரித்து,
வணக்கம் சொல்லி,
நாக்கு இடறாமல்
"மிஸ் மார்க்கண்டு" என்றார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.
விளங்கியது அந்த ஒரு சொல்தான்.
வெளிச்சம் என் முகத்தை விட்டு
படலைக்குப் போனது.
அங்கே நின்றது.
பிறகு வந்தது.

"உங்கள் படம் இருண்டுவிட்டது,
இருக்கிறீர்களா?" என்றார் அவர்.
இருக்கிறேன் என்றேன்.
இரும்பொட்சைட்டுகளைப் பற்றி
ஏழு நிமிடம் நன்றாகவே கதைத்தேன்.

மாசிக்குள் நாலு கடிதம் வந்தது.
அன்புள்ள மார்க்கண்டு, வருந்துகிறோம்.
அன்புள்ள மார்க்கண்டு, இம்முறை மிகுந்த போட்டி.
அம்மா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து
"அப்பான்ர பேருக்கே வருது?" என்றாள்.
ஓம் அம்மா.
"என்னவாம்?"
இல்லையாம்.
அவள் கேட்ட தொனியில் ஒன்றும் இல்லை.
அலுவலகங்களிலிருந்து அந்தப் பெயருக்கு
இப்படியே எழுதி வந்த கடிதங்கள்
பிஸ்கட் ரின்னில் வேறு இருக்கின்றன.

ஐந்தாவது நேற்று.
இடம் இப்போதைக்கு இல்லை,
காத்திருப்போர் பட்டியலில்
பெயர் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா,
பதினான்கு நாட்களுக்குள் தெரிவிக்கவும்.

அம்மாவிடம் கேட்கவில்லை.
இருக்கட்டும் என்பதை அழுத்தினேன்.

எட்டரைக்கு அறிவியல் நகரில்
இரண்டாம் ஆண்டுக்குச் செய்முறை.
இரண்டு மில்லிமீற்றர் அரிதட்டின் வலை
ஓரத்தில் விட்டுப்போய்க் கிடக்கிறது.
போகும் வழியில் பசை வாங்கவேண்டும்.